கொலையை இலேசாக்குவது எது?



சென்ற மாதம் நம் சங்கத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த மஜ்லிஸில், ஆதம் (அலை) அவர்களுடைய இரு மக்களின் சரித்திரத்தை ஹஜ்ரத் அவர்கள் விளக்கி முடித்தார்கள். எல்லோரும் கலைந்து செல்லும் நேரத்தில் வாலிபர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "நானா, கொலை செய்கிறவன் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறானா, இடையில்தான் அப்படி ஆகிறானா?" என்று கேட்டார். நான் அப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "எல்லாம் ஷைத்தானுடைய வேலைதான் தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பதில்தானே சொன்னோம் என்று மனம் உறுத்தியது. ஷைத்தான் எல்லோர் வாசலுக்கும்தான் வருகிறான். ஒருவன் கதவைத் திறந்து விடுகிறான், மற்றொருவன் தாழ்ப்பாள் போடுகிறான். இந்த வித்தியாசம் எதனால் உண்டாகிறது? மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர எனக்கு வேறு கல்வி கிடையாது. எனினும் கடை அடைத்த பிறகு வாசித்ததையும், ஆலிம்களிடம் கேட்டதையும், என் கடையிலேயே நடந்த ஒரு காரியத்தையும் சேர்த்து அந்தத் தம்பிக்குரிய மீதிப் பதிலை இங்கு எழுதுகிறேன். பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துவார்களாக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொலைகளெல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. குடிவெறியில் நடப்பது உண்டு. திருட வந்த இடத்தில் நடப்பது உண்டு. புத்தி பேதலித்தவன் கையால் அபூர்வமாக நடப்பதும் உண்டு. மனநோயால் வருந்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றைப் பற்றி நான் பேசவில்லை. நம்மைப்போல் பிழைப்பு நடத்திக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, நோயாளிகளை விசாரித்துக்கொண்டு வாழ்ந்த சாதாரண மனிதன் எப்படிக் கொலைகாரன் ஆகிறான் என்பதே நம் பாடம்.

முதற் கொலை

குர்ஆன் ஷரீபில் அல் மாயிதா அத்தியாயத்தில் வரும் சரித்திரம் நாம் எல்லோரும் அறிந்ததே. சகோதரர் இருவர் குர்பான் கொடுத்தார்கள். ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. அவர்களுடைய பெயர்கள் ஹாபீல், காபீல் என்றும், ஹாபீல் தம் மந்தையில் நல்ல ஆட்டைக் கொடுத்தார் என்றும், காபீல் தன் விளைச்சலில் மட்டமானதைக் கொடுத்தான் என்றும் தப்ஸீர் எழுதிய பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது நன்றாக விளங்கும். தன் சரக்கு தள்ளப்பட்டால், அதில் என்ன குறை என்று புத்தியுள்ளவன் பார்ப்பான். காபீல் தன் சரக்கைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைச் சரக்கு ஏன் ஏற்கப்பட்டது என்றே பார்த்தான். உன்னைக் கொன்றுவிடுவேன் என்று வாயால் சொன்னான். அவன் உடனே கொன்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நீ என்மேல் கை ஓங்கினாலும் நான் உன்மேல் கை ஓங்க மாட்டேன் என்ற பொருளில் தம்பி பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் கொலை நடந்தது.

சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? அவனுடைய நப்ஸு அந்தக் காரியத்தை அவனுக்கு இணக்கமாக்கியது என்று ஆண்டவன் அறிவிக்கிறான். அங்கே வரும் 'தவ்வஅத்' என்ற அரபுச் சொல்லுக்கு, அடங்காத ஒன்றைப் பழக்கி வசப்படுத்துவது, கடினமானதை இலேசாக்குவது என்று பொருள் சொல்லலாம். மதரஸாவில் எங்கள் உஸ்தாது இந்தச் சொல்லை விளக்கும்போது, முரட்டு மாட்டை வண்டிக்குப் பழக்குவதை உதாரணமாகச் சொல்வார்கள். முதல் நாள் நுகத்தடியைக் கண்டாலே மாடு மிரளும். பத்தாம் நாள் தானே வந்து கழுத்தை நீட்டும்.

மனித மனம் கொலையைக் கண்டு மிரளும்படியே படைக்கப்பட்டிருக்கிறது. அந்த மிரட்சியைப் போக்கி அதை இலேசாக்குவது எதுவோ, அதுவே கொலைகாரனை உண்டாக்குகிறது. இது நடந்தேறுகிற விதத்தை இரண்டு சரித்திரங்களைக் கொண்டு பார்ப்போம். ஒன்று நம் மார்க்கத்தாரிடையே நடந்தது. மற்றொன்று நம் காலத்தில் நடந்தது.

ஒரு பேரீச்சம் பழம்

கி.பி. 657இல் ஸிப்பீன் யுத்தத்துக்குப் பிறகு, ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுடைய படையிலிருந்து ஒரு கூட்டத்தார் பிரிந்து போனார்கள். மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டதே குப்ரு என்று அவர்கள் வாதித்தார்கள். இவர்களைக் கவாரிஜ்கள் என்கிறோம். இரவெல்லாம் தொழுகிறவர்கள்; நெற்றியில் ஸுஜூதுடைய தழும்பு ஏறியவர்கள்; குர்ஆனை ஓதுவதில் எவருக்கும் சளைக்காதவர்கள்.

இமாம் தபரீ முதலிய சரித்திர ஆசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்கள். நஹ்ரவானை நோக்கிப் போகும் வழியில், கப்பாப் (ரலி) என்ற ஸஹாபியின் மகனார் அப்துல்லாஹ் அவர்களை இக்கூட்டத்தார் பிடித்தார்கள். அவர்களைக் கட்டி இழுத்துச் செல்லும்போது மரத்திலிருந்து ஒரு பேரீச்சம் பழம் கீழே விழுந்தது. ஒருவன் அதை எடுத்து வாயில் போட்டான். விலை கொடுக்காமல், அனுமதியும் இல்லாமல் தின்னலாமா என்று கூட இருந்தவன் கேட்க, அவன் உடனே அதைத் துப்பிவிட்டான். மற்றொருவன், முஸ்லிமல்லாத குடியானவர் ஒருவருக்குச் சொந்தமான பன்றியை வெட்டிவிட்டான். அதுவும் தவறு என்று சொல்லி, உடையவரைத் தேடிப்பிடித்துச் சமாதானம் செய்தார்கள். அதன்பின் அப்துல்லாஹ் அவர்களை ஆற்றங்கரையில் வைத்து அறுத்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அவர்களுடைய துணைவியாரையும் கொன்றார்கள்.

சகோதரர்களே, இந்தச் சரித்திரத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் உண்டாகும். ஒரு பழத்தின் விலைக்கு அஞ்சிய மனிதருக்கு, ஒரு தாயின் உயிருக்கு அஞ்சத் தெரியவில்லை. அவர்களுக்கு ஹலால் ஹராம் தெரியாது என்று சொல்ல முடியாது, நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் தங்களோடு ஒத்துக்கொள்ளாதவர்களை மனிதர் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டிருந்தார்கள். கணக்கில் இல்லாதவனுக்கு என்ன செய்தாலும் அது பாவமாகத் தோன்றாது அல்லவா? கி.பி. 661இல் கூபா நகரத்துப் பள்ளிவாசலில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை விஷம் தோய்த்த வாளால் வெட்டிய இப்னு முல்ஜமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. தான் நன்மை செய்வதாகவே அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆகவே தொழுகையும் பேணுதலும் மாத்திரம் ஒருவனைக் காத்துவிடும் என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது.

மலை நாட்டில் நூறு நாட்கள்

இரண்டாவது சரித்திரம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவிலுள்ள ருவாண்டா என்ற சிறிய மலை நாட்டில் 1994ஆம் ஆண்டு நடந்தது. அந்நாட்டு ஜனங்களில் ஹுட்டு என்போர் பெரும்பான்மையினர். துட்சி என்போர் சிறுபான்மையினர். இரு சாராருக்கும் பாஷை ஒன்று. ஒரே மலைச் சரிவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களும் பலர். பெல்ஜியம் அந்நாட்டை ஆண்ட காலத்தில், 1930களில், இன்னார் இன்ன இனம் என்று அடையாளச் சீட்டில் எழுதும் வழக்கம் வந்தது. அது பின்பு எமன் சீட்டாயிற்று.

1990 அக்டோபரில் துட்சி அகதிகளின் படை உகாண்டாவிலிருந்து நுழைந்தது முதல் உள்நாட்டு யுத்தம் நடந்துவந்தது. 1994 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு ஜனாதிபதி ஹப்யாரிமானா சென்ற விமானம் தலைநகரான கிகாலிக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றிரவே கொலை தொடங்கியது. ஏறத்தாழ 100 நாட்களில் மாண்டவர்கள் 5 இலட்சம் முதல் 8 இலட்சம் வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 10 இலட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசாங்கம். இதற்கு உடன்படாத ஹுட்டுக்களும் கொல்லப்பட்டார்கள். ஹுட்டு இனத்தவரான பிரதம மந்திரி அகாத்தே அம்மையார் ஏப்ரல் 7ஆம் தேதியே கொலையுண்டார். பட்டாளத்தார் மட்டுமே செய்த காரியமன்று இது. உழவரும், ஆசிரியரும், கடைக்காரரும் செய்தார்கள். ஆயுதம் பெரும்பாலும் துப்பாக்கி அல்ல; நாம் பாராங் கத்தி என்று சொல்லும், தோட்டம் வெட்டுகிற கத்தி.

ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த 210 பேரை நேரில் விசாரித்து, 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். வயது, படிப்பு, தொழில், குடும்பம் ஆகிய எதைப் பார்த்தாலும் அந்த மனிதர்கள் அந்நாட்டுச் சாதாரண ஆண்களிலிருந்து வேறுபடவில்லை என்று அவர் கண்டார். அயல்வீட்டுத் துட்சிகளின்மேல் நெடுநாள் பகை வைத்திருந்ததாகச் சொன்னவர்கள் சொற்பமே. யுத்த பயம் ஒரு காரணம்: நாம் முந்தாவிட்டால் அவர்கள் நம்மைக் கொன்றுவிடுவார்கள் என்ற எண்ணம். கூட்டத்தாரின் நிர்ப்பந்தம் இன்னொரு காரணம்: வாசலில் நின்று அழைத்தவர்கள் உள்ளூர்த் தலைவர்களும் அண்டை வீட்டாருமே. மறுத்தவர்களில் சிலருக்கு அபராதமும் அடியும் கிடைத்தன. சிலர் உயிரையே இழந்தார்கள். கொள்ளையடிக்கும் ஆசை பிறிதொரு காரணம்.

இந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கொலைகாரர்களை விசாரிக்க ஊர்தோறும் கச்சாச்சா என்ற ஜன பஞ்சாயத்துக்கள் வைத்தார்கள். 2012இல் அவை மூடப்படுமுன் ஏறத்தாழ 19 இலட்சம் வழக்குகளைத் தீர்த்தன. அவற்றில் பெரும்பான்மையானவை உயிர் வழக்குகள் அல்ல, சொத்து வழக்குகள். மாடு, கூரைத் தகடு, கதவு, சட்டி பானை முதலியவை.

வியாபாரிகள் வாசிக்க வேண்டிய பக்கம்

இந்தச் சரித்திரத்தில் நம் தொழிலுக்குரிய பாகம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே இதை எடுத்துக்கொண்டேன்.

கொலைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாக, 1990 டிசம்பரில், கங்குரா என்ற பத்திரிகை ஹுட்டுக்களுக்குப் பத்துக் கட்டளைகள் என்று ஒன்றை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று வியாபாரத்தைப் பற்றியது. துட்சி ஒவ்வொருவனும் வியாபாரத்தில் மோசக்காரன். அவனோடு கூட்டு வைப்பவனும், அவனுக்குக் கடன் கொடுப்பவனும், அவனிடம் கடன் வாங்குபவனும் தன் இனத்துக்குத் துரோகி என்பது அதன் கருத்து. பாருங்கள், அதில் கத்தி இல்லை, இரத்தம் இல்லை. கல்லாப் பெட்டிக்கு முன்னால் நாம் அன்றாடம் கேட்கும் பேச்சுப் போலவே இருக்கிறது. 'அந்தக் கூட்டத்தாரே அப்படித்தான் பாய், ஒருவனையும் நம்பக் கூடாது' என்று சொல்லக் கேளாத கடைக்காரர் நம்மில் யார்?

அந்தப் பத்திரிகையை நடத்தியவர் பெயர் ஹஸன் இங்கேஸே. ஆம், அவர் நம் மார்க்கத்தவர். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் பாடம் முழுமையாகாது. சர்வதேச நீதிமன்றம் 2003இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்பீலில் 2007இல் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி தொடங்கியது. அது பயங்கரமாகப் பேசி ஆரம்பிக்கவில்லை. நல்ல பாட்டுப் போட்டது. வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைத்தது. அந்தச் சிரிப்புக்கிடையே துட்சிகளை இன்யென்சி, அதாவது கரப்பான் பூச்சி, என்று அழைத்தது. கரப்பானை நசுக்குவதற்கு யாராவது தயங்குவார்களா? கொலை தொடங்கிய பின்பு, கொல்லுவதற்கு வேலை என்று பெயர் வைத்தார்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புவது போல் போனார்கள். வானொலி மட்டும் இத்தனை பேரைக் கொலைகாரராக்கிவிடவில்லை என்று ஸ்ட்ராஸ் போன்ற ஆய்வாளர்கள் சொல்வதும் நியாயமே. வாசலில் வந்து அழைத்த மனிதனே அதிகம் செய்தான். ஆனால் அவன் வந்து அழைக்கும்போது என்ன சொல்லி அழைப்பது என்ற வார்த்தைகள் முன்பே தயாராக இருந்தன.

இன்னும் ஒன்று. 1993 ஜனவரி முதல் 1994 மார்ச் வரை 5 இலட்சத்து 81 ஆயிரம் பாராங் கத்திகள் அந்த நாட்டில் இறக்குமதியாயின என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை ஸ்தாபனம் இறக்குமதி உரிமங்களைப் பார்த்துக் கணக்கிட்டது. சரக்கு விற்றவர்கள் எல்லோரும் கொலைக்கென்று விற்றார்கள் என்று சொல்ல முடியாது. அது விவசாய நாடு. ஆனால் அறிந்தே செய்த வர்த்தகர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் ருடகண்டா என்பவர் உணவும் பானமும் இறக்குமதி செய்த வியாபாரி. ஆயுதம் விநியோகித்ததும் அவர்மேல் நிரூபிக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1999 டிசம்பரில் ஆயுள் தண்டனை பெற்றார். ஓபெத் ருசிந்தானா என்ற மற்றொரு வர்த்தகருக்கு அதே ஆண்டு மே மாதம் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இவர்கள் பசியால் செய்தவர்கள் அல்லர். கணக்குப் பேரேடு படிக்கத் தெரிந்தவர்கள்.

மறுத்தவர்கள்

அந்த நூறு நாட்களில் மறுத்தவர்களும் இருந்தார்கள். எல்லா மதத்திலும் இருந்தார்கள். அங்குள்ள முஸ்லிம்கள் மிகச் சிறிய சமூகத்தார். வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூடங்களில் அவர்களுக்கு இடம் குறைவாக இருந்ததால் பலர் சிறு வியாபாரிகளாகவும் மோட்டார் ஓட்டிகளாகவும் பிழைத்தவர்கள். கிகாலி நகரில் பிர்யோகோ என்ற பகுதி அவர்களுடைய குடியிருப்பு. ஹுட்டு முஸ்லிம்களும் துட்சி முஸ்லிம்களும் ஒரே சந்தில் வாழ்ந்தார்கள். அங்கே பல முஸ்லிம்கள் துட்சிகளைத் தங்கள் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒளித்து வைத்தார்கள். மற்றச் சமூகங்களோடு ஒப்பிடும்போது கொலையில் சேர்ந்த முஸ்லிம்கள் குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவருமே சேரவில்லை என்று நாம் பெருமையடிக்க இடமில்லை, சேர்ந்தவர்களும் உண்டு.

பெரும்பாலோர் மறுத்ததற்குக் காரணம் என்ன? அரசியல் கட்சிகளோடு அவர்களுக்கு ஒட்டு உறவு குறைவாக இருந்தது ஒரு காரணம். மற்றொன்று நமக்கு முக்கியமானது. ஆபத்து வருமுன்பே இமாம்கள் பள்ளிவாசல்களில் எச்சரித்து வைத்திருந்தார்கள். இனத்தின் பெயரால் ஒருவர்மேல் கை வைப்பது ஹராம், இந்தக் கட்சிகளின் வாலிபர் படையில் சேராதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. வாசலில் கூட்டம் வந்து நின்றபோது, யோசித்துப் பார்த்துத் தீர்மானிக்க அவகாசம் இருக்கவில்லை. முன்பே தீர்மானித்து வைத்தவர்கள் மறுத்தார்கள். வெள்ளம் வந்த பிறகு கரை கட்டவா முடியும்?

நம் ஊரும் நம் கடையும்

இதெல்லாம் எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் சிங்கப்பூரிலேயே 1964 ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய மீலாது தினத்து ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிச் சென்றபோது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டார்கள். 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மீண்டும் மூண்டு 13 பேர் மாண்டார்கள். ரஹ்மத்தாக அனுப்பப்பட்ட நபியின் பிறந்த நாளில் இரத்தம் சிந்தியது. அதற்கு முன்னே பல வாரங்களாகத் துவேஷப் பேச்சும் துண்டுப் பிரசுரமும் பரவியிருந்தன. ஊரடங்கு நாட்களில் கத்தியைவிட வேகமாக ஓடியது வதந்தியே என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு வட்டாரந்தோறும் எல்லா இனத்தாரும் சேர்ந்த நல்லெண்ணக் குழுக்கள் அமைந்து ஜனங்களின் பயத்தைத் தெளிவித்தன. இன்று பள்ளிப் பிள்ளைகள் ஜூலை 21ஆம் தேதியை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

இனி என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் பிற்பகல், வாடிக்கைக்காரர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தியை எனக்குக் காட்டினார். இங்கே கட்டிட வேலைக்கு வந்திருக்கும் ஒரு தேசத்தாரைப் பற்றிய கேலிப் படம். அவர்களை எலிகளாகப் போட்டிருந்தது. இவன்கள் எல்லோருமே திருடன்கள் என்றார். அவர் மாதம் தவறாமல் சரக்கு எடுப்பவர். நான் சிரித்து வைத்தேன். என்னுடைய பாவம் அந்தச் சிரிப்பு. பக்கத்தில் என் கடைப் பையன் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

நாலைந்து நாள் கழித்து அந்தத் தேசத்துத் தொழிலாளி ஒருவர் அரிசி வாங்க வந்தார். முன்பும் வந்து போகிறவர்தான். சில்லறை போதவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்றார். என் பையன் அரிசிப் பையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, 'எலிக்கெல்லாம் கடன் கிடையாது' என்றான். நான் உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே வருவதற்குள் அவர் அஞ்சடியைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாள் அவர் தங்கும் விடுதிப் பக்கம் போய்த் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றுதான் சொன்னார். ஆனால் மறுபடி நம் கடைக்கு அவர் வரவில்லை.

பையனைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த வார்த்தையை அவன் எங்கே கற்றான்? என் கல்லாவின் முன்னால், என் சிரிப்பிலிருந்து கற்றான். அவன் கெட்ட பிள்ளை அல்ல. ஊரில் தாய்க்குப் பணம் அனுப்பாமல் தன் செலவுக்கு எடுக்காதவன். ஒரு அரிசிப் பையோடு அன்று நின்றுவிட்டது. பயமும், கூட்டமும், கொள்ளையும் சேர்ந்த ஒரு காலம் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செய்ய வேண்டியவை

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். கொலைகாரனாக ஒருவரும் பிறப்பதில்லை. சிறிது சிறிதாகப் பழக்கப்படுகிறார்கள். பொறாமை வருகிறது, பிறகு பெயர் மாற்றி அழைக்கிறார்கள், இது நியாயமே என்று ஒருவன் தீர்ப்புச் சொல்கிறான், கூட்டம் சேர்கிறது, இலாபமும் தெரிகிறது. கடைசிப் படியில் நிறுத்துவதற்குப் போலீசும் பட்டாளமும் வேண்டும். முதல் படியில் நிறுத்துவதற்கு ஒரு கடைக்காரர் போதும்.

ஒருவருக்கொருவர் இழிவான பட்டப் பெயர் சூட்டுவதையும், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் அல் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. செய்தி கொண்டுவருகிறவன் நம்பத்தகாதவனாக இருந்தால் தீர விசாரிக்கும்படியும் அதே அத்தியாயம் கட்டளையிடுகிறது. இவற்றைத் தொழுகை நோன்பு போலவே கடமையாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் இப்படிப்பட்ட பேச்சு எழுந்தால், சண்டை போடத் தேவையில்லை. 'ஏமாற்றியவன் யார்? அவன் பெயரைச் சொல்லுங்கள், அவனுடைய கூட்டத்தைச் சொல்லாதீர்கள்' என்று மரியாதையாகக் கேட்டாலே போதும். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். ஒரு வாடிக்கைக்காரர் முகம் சுளித்தார். அந்த வியாபாரம் குறைந்தது உண்மை. ரிஜ்க் கொடுப்பவன் அல்லாஹ்.

கைத்தொலைபேசியில் வரும் துவேஷச் செய்தியை மற்றவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுவோம். கடைச் சிப்பந்திகளும் நம் பிள்ளைகளும் நம் வாயைப் பார்த்தே வளர்கிறார்கள் என்பதை மறவாதிருப்போம். ஹஜ்ரத்மார்கள் கலவரம் வந்த பிறகல்ல, அமைதியான நாளிலேயே குத்பாவில் இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தனக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கும் வியாபாரிகளுக்குக் கேடு என்று எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று குர்ஆனில் இருக்கிறது. நாம் அதை மிளகுக்கும் அரிசிக்கும் மாத்திரம் என்று எண்ணியிருக்கிறோம். நம் இனத்தான் தவறு செய்தால் அவன் ஒருவனுடைய தவறு. அடுத்த இனத்தான் செய்தால் அந்த இனத்துக்கே உரிய குணம் என்று சொல்வதும் இரண்டு படிக்கல் வைத்து நிறுப்பதுதானே?

வீட்டில் பிள்ளைகளோடு பேசுவதற்கு: காபீல் கொல்லுவேன் என்று சொன்னதற்கும் கொன்றதற்கும் இடையில் அவனைத் தடுத்திருக்கக் கூடியது எது? பேரீச்சம் பழத்தைத் துப்பியவனுக்கு அடுத்த நிமிடம் இரக்கம் வராதது ஏன்? சென்ற வாரம் நம் வீட்டில் யாரையாவது கூட்டத்தோடு சேர்த்து இழிவாகப் பேசினோமா?

யா அல்லாஹ், எங்கள் நாவினால் பிறருடைய இரத்தம் இலேசாகிவிடாமல் காப்பாயாக. எங்கள் கடைகளை எல்லாச் சமூகத்தாரும் அச்சமின்றி வந்து போகும் இடமாக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.